இளவரசன் விழும் சுவர்: ராஜபாளையத்திலிருந்து பிளவக்கல் வரை

மாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வீடியோ காலில் பேசிக்கொண்டே என் தம்பி சரவணன் சட்டை மாற்றினான். அம்மா அவன் தோள்பட்டையைப் பார்த்துவிட்டாள். கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா" என்றான். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்கு நீ போயி அவனக் கூட்டிட்டு வந்துரு" என்றாள். நான் ராஜபாளையம் போனது இதனால்தான். இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதும் கோயில், அருவிப் பயணங்களைப்போல முன்கூட்டித் திட்டம் போட்டது இல்லை. படப்பிடிப்பு நடக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சரவணன் சினிமாவில் சண்டைக் கலைஞன். வயது முப்பத்து மூன்று. எனக்கு நாற்பத்தொன்று, திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் லேப் உதவியாளர் வேலை. அம்மா என்னோடு இருக்கிறாள். ஒரு சரித்திரப் படத்துக்காக அவன் அப்போது நாற்பது நாளாக ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். பாண்டிய நாட்டு அரியணைக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்ளும் கதை. படத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் நானும் சொல்லவில்லை. இளைய இளவரசனாக வரும் நடிகருக்கு டூப் இவன்தான்.

இந்த மாதிரிப் படங்கள் என்றால் எங்கள் இருவருக்குமே பைத்தியம். எந்த மொழியில் வந்தாலும் முதல் வாரத்துக்குள் பார்த்துவிடுவோம். கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நாற்காலி, இரண்டு பேர். கிரீடமும் தலைப்பாகையும் மாறும், யானையின் முகபடாம் மாறும், அந்த நாற்காலியில் கடைசியில் உட்காருகிறவர் ஐந்து நிமிஷம்கூட நிம்மதியாக உட்கார மாட்டார். நடுவில் எங்காவது ஓர் ஆள் கோட்டைச் சுவரிலிருந்து விழுவான். சரவணன் இந்த வேலைக்குப் போனதிலிருந்து அந்த இடம் வரும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. பாப்கார்ன் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.40க்கு திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். மதுரை ஆரப்பாளையம் 7.10. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி. 8.25க்கு ராஜபாளையம் பஸ் கிளம்பியது, டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழி. போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கிருஷ்ணன்கோவிலை நெருங்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலை மொத்தமாக எழுந்து கூடவே வரும். எனக்கு அந்த ஜன்னல் கிடைத்தது. ஆனாலும் மூன்று தடவை இடம் மாறினேன். உட்கார முடியவில்லை. தம்பிக்கு ஏழு தடவை போன் போட்டேன், ஏழு தடவையும் அணைத்து வைத்திருந்தது.

10.55க்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு. லாட்ஜ் நடந்து போகிற தூரம்தான். வரவேற்பில் இருந்தவர் என்னைப் பார்க்காமலே, "சினிமா ஆளுங்களா? அவிய காலைல அஞ்சு மணிக்கே வேன்ல போயிட்டாக. போனையெல்லாம் அங்க வாங்கி வச்சிருவாக. ஆறரைக்கு மேலதான் வருவாக" என்றார்.

ஏழரை மணி நேரம். அறை எடுத்தேன், அறுநூற்றைம்பது ரூபாய், மின்விசிறி மட்டும். பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். ஒரு மெஸ்ஸில் சாப்பாடு வாங்கிப் பாதியில் எழுந்துவிட்டேன். மில் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர்கள் பின்னாலேயே ஒரு தெரு முழுக்க நடந்து, எங்கே வந்தேன் என்று தெரியாமல் வழி கேட்டுத் திரும்பினேன். ராஜபாளையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பார்த்தது என் செருப்பை மட்டும்தான்.

6.40க்கு வேன் வந்தது. சரவணன் இறங்கும்போது கண்ணில் மை, தாடையில் பசை, காதோரம் செம்மண். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நீ எதுக்குக்கா வந்த?"

"அம்மா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா."

"நா என்ன ஸ்கூல் பிள்ளையா கூட்டிட்டுப் போறதுக்கு? நாளைக்குத்தான் பெரிய ஷாட்டே இருக்கு."

"என்ன ஷாட்?"

"பட்டாபிஷேகத்தன்னிக்கு அண்ணங்காரன் தம்பியக் கத்தியால குத்திக் கோட்டைச் சுவத்துல இருந்து தள்ளி விடுறான். முப்பத்தஞ்சு அடி."

"இந்தத் தோள வச்சுக்கிட்டா?"

"தோளா விழப்போவுது? நாந்தான விழப்போறேன்."

சிரிக்க வைக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. தோள் எப்படி ஆனது என்று கேட்டேன். நாலைந்து நாளைக்கு முன்னால் ஒத்திகையில் ரோப் ஒரு குலுக்குக் குலுக்கியது, அவ்வளவுதான் என்றான். ரோப் என்பது அவர்கள் உடம்பில் கட்டித் தொங்கவிடுகிற கயிறு. இரும்பு வாளியைக் கிணற்றில் விடுவதுபோல மனுஷனை விடுவார்கள். பிறகு கணினியில் அந்தக் கயிற்றை அழித்துவிடுவார்கள்.

"சரி, நாளைக்கு நானும் வாறேன்."

"வராத. நீ கீழ நின்னா எனக்குக் கால் நடுங்கும். காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பிப் போ. ஒம்பது நாள்ல முடிஞ்சுரும், நானே வாறேன்." அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சனிக்கிழமை நான் எழுந்தபோது வேன் போய்விட்டிருந்தது. 6.45க்கு மதுரை பஸ்ஸில் ஏறி, மதுரைக்கே டிக்கெட் வாங்கினேன். அவன் பேச்சைக் கேட்டு ஊருக்குப் போய்விடுவது என்றுதான் உட்கார்ந்தேன். பதினோரு கிலோமீட்டர்தான் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன். "மதுர டிக்கெட்டும்மா இது" என்று கண்டக்டர் கத்தினார்.

கோயில் வரைக்கும் நடந்தேன். ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்ததும் எல்லாருக்கும் என்ன தோன்றுமோ தெரியாது, எனக்கு எத்தனை அடி இருக்கும் என்றுதான் தோன்றியது. உள்ளே கூட்டமில்லை, பத்து நிமிஷத்தில் சன்னதி. ஆண்டாளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். பின்னால் வந்த ஒரு பெண் "செத்த தள்ளிக்கோங்க" என்றதும் வெளியே வந்துவிட்டேன். வாசலில் அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். ஒரு குறிப்பு: இளஞ்சூடாக, கொஞ்சம் மணல்மணலாக இருக்கிறதா என்று கேட்டு ருசி பார்த்து வாங்குங்கள், வழுவழுவென்று இருப்பதை விட்டுவிடுங்கள்.

படப்பிடிப்பு பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் ஓர் அரண்மனை செட்டில் என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில், பிளவக்கல் போக எவ்வளவு என்று கேட்டேன். முன்னால் இருந்த ஆட்டோவிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையை நீட்டினார்.

"அணைக்கா, அரண்மனைக்கா?"

"அரண்மனைக்கு."

"ஏறுங்க தங்கச்சி. நானும் அங்கதான் போறேன். எம் படைக்குப் பத்து மணிக்குத்தான் வேல."

அவர் பெயர் மைதீன் பாய். மேலுதட்டில் சிவந்த தடம் இருந்தது. தினமும் ஒட்டுமீசையைப் பிய்த்தெடுத்து வந்த புண். சாதாரண நாளில் இந்தத் தூரத்துக்கு அறுநூறு கேட்பாராம், தான் போகிற வழி என்பதால் நானூறு போதும் என்றார். கிருஷ்ணன்கோவில் வந்து வத்திராயிருப்புச் சாலையில் திரும்பி, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இருபக்கமும் தென்னை, நெல், மறுபடி தென்னை. வழி முழுக்கப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு படை தங்கச்சி. மூத்தவருக்குச் செகப்புத் துண்டு, எளையவருக்கு நீலம். ராஜபாளையம் வேன்ல வாரவுகளுக்கெல்லாம் செகப்பு. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூருக்காரவுக அம்புட்டுப் பேரும் நீலம். அந்தச் செகப்புப் படையில பாதிப் பேரு சோழபுரத்துக்காரவுக. சோழபுரத்து ஆளு பாண்டியன் படையில நிக்கான்னா கத எப்படி வெளங்கும்?"

"யாரு ஜெயிக்கிறா?"

"செகப்புதான். நாங்க தோத்துப் போவோம்னு மொதநாளே சொல்லிட்டாக. அதுல எங்காளுகளுக்கு ஒரே வருத்தம். பாதிப் பேரு சாகவே மாட்டேனுட்டான். வெட்டுன பொறவும் நின்னு சண்ட போடுதான். டைரக்டர் மைக்குல கெஞ்சுதாரு, தயவுசெஞ்சு சாவுங்கன்னு. நான் பேசாம செத்துட்டேன். மூணு நாளாச் செத்துக் கெடக்கேன். வெயில்தான் தாங்கல."

இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். ஆட்டோவுக்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பத்தொன்பது வருஷம் ஃபிட்டராக இருந்தாராம். மிஷின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "அந்தத் தம்பியா? மேல நின்னு எங்களப் பாத்துக் கையாட்டும், நல்ல பையன்" என்றார்.

அணைக்கு முன்பே இடப்பக்கம் ஒரு தனியார் நிலத்தில் செட் போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்குக் கீழே நிஜக் கோட்டை. கிட்டப் போனால் பின்பக்கம் முழுக்கச் சவுக்குக் கட்டையும் பிளைவுட்டும். காவலுக்கு இருந்தவரிடம் பாய், "நம்ம வீட்டு ஆளு, வேடிக்க பாக்க வந்திருக்கு" என்றார். போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். மணி 9.20.

தேநீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் தடுப்புக்குக் கயிறு கட்டியிருந்தது, அதற்கு வெளியே நின்றேன். அரியணையைக் கொண்டுவந்து வெயிலில் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மீன் செதுக்கிய பொன்னிற நாற்காலி. ஒருவரே ஒரு கையால் தூக்கிவிட்டார், ஃபைபர். அதற்காக அடித்துக்கொள்ளும் இரண்டு படையும் ஒரே வரிசையில் நின்று பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு மணி போலச் சரவணனைப் பார்த்தேன். நீலப் பட்டு, மார்புக் கவசம், தோள் வரை தொங்கும் விக். நடிகரும் அதே உடையில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் இருவரில் யார் யாரென்று வேறு ஒருவருக்குத் தெரியாது. எனக்கு நடையிலேயே தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

சுவருக்குப் பக்கத்தில் ஒரு கிரேன். அதன் உச்சியில் ஒரு கப்பி. சரவணனின் கவசத்துக்குள் கட்டிய கயிறு அந்தக் கப்பி வழியாக வந்து, இந்தப் பக்கம் ஆறு பேர் கையில் இருந்தது. அவன் மல்லாக்க விழுவான். தரைக்கு நாலு அடி இருக்கும்போது ஆறு பேரும் இழுத்துப் பிடிப்பார்கள். கீழே காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி அகழிச் சேற்றில் நீலப் படை செத்துக் கிடந்தது. மைதீன் பாயும் ஈட்டியோடு மல்லாந்து கிடந்தார். கப்பி அவர் பார்வைக்கு நேராக இருந்தது.

முதலில் மணல் மூட்டையைக் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். சரியாக வந்தது. அதற்குள் சாப்பாட்டு நேரம். இரண்டே காலுக்கு நடிகர் சுவர் விளிம்பில் நின்று, நெஞ்சில் கத்தி வாங்கி, அண்ணனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்துப் பின்னால் சாய்ந்தார். இரண்டு பேர் முதுகைத் தாங்கிப் பிடித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் இறங்கிப் போனதும் சரவணன் ஏறினான். அவனுக்கு யாரும் கைதட்டவில்லை. விளிம்பில் முதுகைக் காட்டி நின்றான். நான் நின்ற பக்கத்திலிருந்து முகம் பாதி தெரிந்தது.

"ரோலிங்" என்றது மைக். ஆறு பேரும் லேசாகக் கயிற்றை இறுக்கினார்கள்.

செத்துக் கிடந்த மைதீன் பாய் எழுந்து உட்கார்ந்தார்.

"நிப்பாட்டு! ஏய், நிப்பாட்டு! தம்பி, விழாத!"

மைக்கில் ஓர் உதவி இயக்குநர் கத்தினார். "யோவ், செத்தவன் எந்திரிச்சா எப்படிய்யா? படுய்யா!"

பாய் படுக்கவில்லை. ஈட்டியை மேலே நீட்டினார். "கயிறு தடம் மாறி நிக்கி! கப்பில கயிறு ஓரமா ஏறி நிக்கி! இறுக்கையில பாத்தேன்!"

"அதெல்லாம் பாத்தாச்சு. அந்த ஆள வெளிய கூட்டிட்டுப் போங்கப்பா. டைம் போகுது."

இரண்டு பேர் வந்து பாயின் கையைப் பிடித்தார்கள். அவர் திரும்பித் திரும்பி மேலேயே காட்டினார். மேலே சரவணன் அசையாமல் நின்றான். கீழே நடக்கும் எதுவும் தன்னைச் சேர்ந்ததில்லை என்பதுபோலத் தலையைக்கூடத் திருப்பவில்லை. "ஒன்ஸ் மோர், ரெடி" என்றது மைக்.

தடுப்புக் கயிற்றைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. மெத்தைக்குப் பக்கத்தில், செத்தவர்களுக்கு நடுவில், பச்சைச் சுடிதாரும் தோளில் கைப்பையுமாக நான் நின்றேன். நான்கு கேமராவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"யாரும்மா நீ? தள்ளிப் போம்மா!"

"அவரு சொல்றத ஒரு தடவ ஏறிப் பாருங்க. பாத்துட்டு எடுங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

"அக்கா!" மேலேயிருந்து சரவணனின் குரல். "போக்கா அந்தப் பக்கம்!"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவேன் என்று தெரியும். காவலுக்கு வந்த பெண் என் முழங்கையைப் பிடித்தாள், நான் மெத்தை மேல் உட்கார்ந்துகொண்டேன். சிவப்புப் படையில் யாரோ சிரித்தார்கள். அப்போது சண்டைப் பயிற்சியாளர் வந்தார். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், ஒல்லியாக, நரைத்த தலை. அவர் என்னைத் திட்டவில்லை. பாயைப் பார்த்து, "எங்க நின்னுது சொன்னீங்க?" என்றார். பாய் விரலால் காட்டினார். மாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு, "தம்பிய இறக்கு. கிரேன இறக்கு" என்றார்.

கப்பி தரைக்கு வந்ததும் எல்லாரும் சுற்றி நின்றோம். பக்கவாட்டுத் தகடு வளைந்திருந்தது. சக்கரத்தின் பள்ளத்தில் ஓட வேண்டிய கயிறு வெளியே நழுவி, சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. ஒரு முழ நீளத்துக்குக் கயிறு பஞ்சுபோலப் பிரிந்திருந்தது. இரண்டு மூன்று இழைதான் பாக்கி. மாஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, யாரும் மறுபடி உபயோகிக்க முடியாதபடி அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக அறுத்தார்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று பாயிடம் கேட்டார்.

"மில்லுல ஃபிட்டரு."

"இனிமே தெனமும் காலைல இதப் பாத்துட்டு அப்புறமாச் சாவுங்க."

மைக்கில் கத்திய உதவி இயக்குநர், பாயை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்றவர் அவர் காதில் ஏதோ சொன்னார். நேற்று எடுத்த காட்சியிலும் பாய் அதே இடத்தில் செத்துக் கிடந்திருக்கிறார், பிணத்தை மாற்ற முடியாது. அத்தோடு பேச்சு நின்றது.

புதுக் கயிறு, புதுக் கப்பி. மணல் மூட்டையை மூன்று தடவை போட்டார்கள். மணி 4.50. என்னைத் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள், நானும் போனேன். சரவணன் என் பக்கம் திரும்பாமல் ஏறினான். இந்தத் தடவை விளிம்பில் நின்று, தலையைத் தூக்கிக் கப்பியை ஒரு பார்வை பார்த்தான். அதைப் பார்த்தபோது, இவனை ஊருக்குக் கூட்டிப் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"ஆக்‌ஷன்."

நான் கண்ணை மூடவில்லை. அவன் கைகளை விரித்துப் பின்னால் சாய்ந்தான், நீலப் பட்டு ஒரு தடவை காற்றில் விரிந்தது, அவ்வளவுதான். நினைப்பதைவிடச் சீக்கிரம். மெத்தைக்கு மேலே தொட்டில் குழந்தைபோல ஆடிக்கொண்டு கிடந்தான். நான் மூச்சு விடுவதற்குள் மைக் சொன்னது: "ஸாரி, ஒன் மோர். ஒரு டெட்பாடி இருமிட்டாரு."

இரண்டாம் தடவையும் விழுந்தான். அந்தத் தடவைதான் கைதட்டினார்கள். நீலமும் சிவப்புமாக எல்லாரும்.

திரும்பும்போது சரவணன் வேனில் ஏறாமல் பாயின் ஆட்டோவில் என்னோடு வந்தான். வ. புதுப்பட்டியில் பாய் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்திவிட்டு, டயரைப் பார்ப்பதுபோலத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"அத்தன பேரு முன்னாடி நீ வந்து நின்னப்ப, அப்படியே செத்துரலாம்னு இருந்துச்சு எனக்கு" என்றான். "பதினோரு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இனிமே அக்காவக் கூட்டிட்டு வந்தவன்னுதான் சொல்லுவானுங்க."

"சொல்லட்டும்."

"உனக்கென்ன, நீ சொல்லுவ."

அவன் தேநீர் தம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "அன்னிக்குத் தோள்ல அடிபட்டுச்சே, அன்னிக்கும் அதே கப்பிதாங்கா. குலுக்குச்சுன்னு நெனச்சேனே தவிர, ஏன் குலுக்குச்சுன்னு போய்ப் பாக்கல. பதினோரு வருசத்துல ஒரு தடவகூட நானாப் பாத்ததில்ல. யாராவது பாத்திருப்பாங்கன்னு ஏறிருவேன்."

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது.

"ஊருக்கு வாரியா?" என்று கேட்டேன், கேட்க வேண்டியிருந்ததால்.

"இன்னும் எட்டு நாள் இருக்கு. பாதியில போனா அப்புறம் எவனும் கூப்புட மாட்டான்."

"சரி. ஆனா இனிமே எந்த ஊருல ஏறுனாலும், ஏறுறதுக்கு முன்னாடி நீயே பாக்கணும். பாத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடணும். காலைல ஒம்பது மணிக்குள்ள."

"அங்க போன வாங்கி வச்சிருவாங்க."

"கொடுக்கறதுக்கு முன்னாடி போடு."

நான் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து, பாயையும் கூப்பிட்டு, மூன்று பேரும் அங்கேயே பாதியைத் தீர்த்தோம். ஆட்டோவுக்குப் பாய் வரும்போது வாங்கிய நானூறோடு சரி, திரும்பியதற்கு வாங்க மறுத்துவிட்டார். "நீங்க மட்டும் அங்க வந்து ஒக்காரலன்னா என்னையத் தூக்கி வெளிய போட்டுட்டு எடுத்திருப்பாக தங்கச்சி. ஆட்டோக்காரன் பேச்ச எவன் கேட்டான்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். அம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, கயிறு பிரிந்திருந்ததையும் சொன்னேன். "இவ்வளத்தையும் பாத்துட்டு அவன அங்கயே விட்டுட்டு வந்தியா?" என்று கேட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை. அவன் வேறு ஏதாவது வேலைக்குப் போகலாம்தான். ஆனால் அந்தச் சுவர் விளிம்பில் அவன் கைகளை விரித்தபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். படம் வந்தால் அந்த முகம் திரையில் தெரியாது. சாய்கிற பார்வை நடிகருடையது, விழுகிற முதுகு மட்டும்தான் என் தம்பியுடையது. இத்தனை வருஷம் நான் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருத்தியின் தம்பி விழுந்திருக்கிறான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செட்டை இப்போது பிரித்துவிட்டார்கள், அரண்மனையைத் தேடிப் போகாதீர்கள். பிளவக்கல் அணை அங்கேயே இருக்கிறது, அந்த மலையடிவாரத்துக்காகவே போகலாம். வத்திராயிருப்பு வரைக்கும் பஸ் உண்டு, அதற்கு மேல் ஆட்டோவை நம்ப வேண்டும். திரும்பி வருவதற்கும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் அடித்து வீழ்த்தும், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தங்குவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டிலும் நல்ல லாட்ஜ்கள் இருக்கின்றன. காலையில் கோயில், பிறகு அணை என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடியும். எங்காவது படப்பிடிப்பு நடந்தால் கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள். உங்கள் வீட்டு ஆள் யாரும் மேலே இல்லாதவரை.

சரவணன் இப்போது ஹைதராபாத் பக்கம் இருக்கிறான். அங்கேயும் ஓர் அரியணை, இரண்டு இளவரசர்கள். வேலை இருக்கும் நாளெல்லாம் "பாத்தாச்சு" என்று ஒற்றை வார்த்தையில் மெசேஜ் வரும், ஒன்பது மணிக்குள். அம்மா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் காலைச் சாப்பாட்டில் கை வைக்கிறாள். இன்றைக்கு 9.40க்குத்தான் வந்தது. மேலே சொன்ன பஸ், ஆட்டோ விவரங்களில் ஏதாவது தப்பிருந்தால், அவற்றை நான் அந்த நாற்பது நிமிஷத்தில் எழுதினேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.